ஒரு பில், ஐந்து பெயர்கள்: கேன்டர்பரியை நிர்வகிப்பது யார்?

மார்ச் மாதம் பிறந்தால் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் கேன்டர்பரியில் வீட்டுக்கு வீடு ஒரு கடிதம் வந்து விழும். அனுப்புவது கேன்டர்பரி சிட்டி கவுன்சில். உள்ளே இருப்பது அடுத்த நிதியாண்டுக்கான கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரியின் பில். புதிதாகக் குடிவந்தவர்கள் தொகையைப் பார்த்துத் திகைத்து, "இந்தக் கவுன்சிலுக்கு இவ்வளவு பணம் எதற்கு?" என்று கேட்பார்கள். பில்லை நிதானமாகப் படித்தால் அந்தக் கேள்வியே மாறிவிடும். கென்ட் கவுண்டி கவுன்சில், கேன்டர்பரி சிட்டி கவுன்சில், கென்ட் காவல் துறையை மேற்பார்க்கும் ஆணையர், தீயணைப்பு ஆணையம், கிராமப்புறமாக இருந்தால் பாரிஷ் கவுன்சில் என்று ஐந்து பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. நூறு பவுண்டு கட்டினால் எழுபதுக்கு மேல் கவுண்டிக்குப் போகிறது. பில் அனுப்பிய சிட்டி கவுன்சிலின் பங்கு பத்து பவுண்டு அளவில்தான். காவல் துறைக்குப் போவதுகூட அதைவிடச் சற்று அதிகம்.

வசூலிப்பது ஒருவர், பெரும்பங்கைச் செலவழிப்பது வேறொருவர். ஆனால் திட்டு வாங்குவது என்னவோ வசூலிப்பவர்தான். இங்கிலாந்தின் உள்ளாட்சி புரிய வேண்டுமென்றால் இந்த முடிச்சிலிருந்து தொடங்குவதே நல்லது. எடுத்துக்காட்டுக்குக் கேன்டர்பரியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சொல்லில் இருக்கும் சிக்கலைத் தீர்த்துவிடலாம். கேன்டர்பரி ஒரு 'டிஸ்ட்ரிக்ட்'. இதை 'மாவட்டம்' என்று தமிழில் எழுதியதுமே நம் மனத்தில் ஒரு கலெக்டர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவருக்குக் கீழே வருவாய் கோட்டாட்சியர், தாசில்தார், கிராம நிர்வாக அலுவலர் என்று ஒரு வரிசையும் தானாக வந்து நிற்கிறது. கேன்டர்பரியில் அப்படி யாரும் இல்லை. லண்டனிலிருந்து அரசு அனுப்பிவைக்கும் ஆட்சியர் என்ற பதவியே அங்கே கிடையாது. பரப்பை வைத்துப் பார்த்தால் நம் மாவட்டத்துக்கு ஓரளவு நெருங்கி வருவது கவுண்டிதான். கென்ட் கவுண்டி கவுன்சிலின் எல்லைக்குள் 2021 கணக்கெடுப்பின்படி 15 லட்சத்து 76 ஆயிரம் பேர். அதற்குள் 12 டிஸ்ட்ரிக்ட்டுகள். அவற்றில் ஒன்றான கேன்டர்பரியில் சுமார் 1 லட்சத்து 57 ஆயிரம் பேர். நம் கணக்கில் பார்த்தால் ஒரு நகராட்சியையும் சுற்றியிருக்கும் ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்த்துக் கட்டியதுபோன்ற அளவு. அதனால் இந்தக் கட்டுரையில் டிஸ்ட்ரிக்ட் என்றே எழுதுகிறேன்.

அடுத்ததாக, அந்தப் பன்னிரண்டு டிஸ்ட்ரிக்ட்டுகளும் கவுண்டிக்குக் கீழ்ப்பட்டவை அல்ல. மெய்ட்ஸ்டனில் உட்கார்ந்திருக்கும் கவுண்டி கவுன்சில் கேன்டர்பரிக்கு உத்தரவு போட முடியாது. கேன்டர்பரி தனக்குள் இருக்கும் பாரிஷ் கவுன்சிலுக்கும் உத்தரவு போட முடியாது. ஒவ்வொன்றையும் நாடாளுமன்றச் சட்டம் தனித்தனியாக உருவாக்கி, தனித்தனி வேலை கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்தல். வரி எவ்வளவு என்பதையும் அந்தந்த மன்றமே தீர்மானித்துக்கொள்கிறது. இவை அடுக்குகள்தான், ஆனால் மேலிருந்து கீழே ஆணை இறங்கும் ஏணி அல்ல. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்து, மதில் சுவர் யாருடையது என்று அவ்வப்போது வாக்குவாதம் செய்யும் பங்காளிகள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

1974-ல் நடந்த கல்யாணம்

கேன்டர்பரி டிஸ்ட்ரிக்ட்டின் எல்லை இயற்கையாக அமைந்ததல்ல. 1972-ல் நிறைவேறிய உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று இங்கிலாந்தின் பழைய நகரசபைகளும் ஊரகச் சபைகளும் கூட்டங்கூட்டமாகக் கலைக்கப்பட்டு, சேர்த்துத் தைக்கப்பட்டன. இங்கே நான்கு சபைகள் ஒன்றாயின. பேராலயத்தால் பெயர்பெற்ற கேன்டர்பரி நகரம், சிப்பிக்குப் பெயர்போன விட்ஸ்டபிள், கடற்கரைச் சுற்றுலா ஊரான ஹெர்ன் பே, சுற்றியிருந்த கிராமங்களை நிர்வகித்த பிரிட்ஜ்–பிளீன் ஊரகச் சபை.

இதில் அதிகம் இழந்தது கேன்டர்பரிதான். 1448-ல் ஆறாம் ஹென்றி கொடுத்த சாசனத்தால் தன் மேயரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட ஊர் அது. 1461-ல் கென்ட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, தானே ஒரு கவுண்டி என்ற தகுதியையும் பெற்றது. 1889-ல் நாடு முழுக்கக் கவுண்டி கவுன்சில்கள் வந்தபோது, பெரிய நகரங்களுக்கு மட்டும் அவற்றிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். 50 ஆயிரம் பேராவது இருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல். கேன்டர்பரியில் அதில் பாதிகூட இல்லை. பழைய தகுதியைக் காட்டித்தான் விலக்கு வாங்கியது. பள்ளிகள், சாலைகள் என்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்ட அந்தச் சின்ன நகரம், 1974-ல் அவற்றை மெய்ட்ஸ்டனிடம் ஒப்படைத்துவிட்டுக் குப்பையும் கட்டட அனுமதியும் பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் ஆயிற்று.

ஆனால் பட்டங்கள் மட்டும் போகவில்லை. 'சிட்டி' என்ற தகுதி புதிய டிஸ்ட்ரிக்ட் முழுவதற்கும் கிடைத்தது. அதனால் பேராலயத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஹெர்ன் பே கடற்கரையில் கூழாங்கல் மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுபவரும் சட்டப்படி கேன்டர்பரி மாநகருக்குள்தான் இருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்ள மாட்டார். 1988-ல் மேயர் 'லார்டு மேயர்' ஆனார். 1461-ன் மிச்சமாக ஒரு ஷெரிஃப் கூட இன்றும் உண்டு. இந்த இரண்டுமே சடங்குப் பதவிகள். சிவப்பு அங்கியும் கழுத்துச் சங்கிலியுமாகப் படத்தில் நிற்கும் லார்டு மேயர்தான் ஊரை ஆள்கிறார் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கேன்டர்பரி பேராயருக்கு நகர நிர்வாகத்தில் பங்கு உண்டா என்றும் கேட்பதுண்டு. அவர் உலக ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைக் குரு. குப்பை லாரிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

எது யாருடைய வேலை?

பட்டியல் போட்டால் மறந்துபோகும். ஒரு குப்பைப் பையின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் தொட்டியைக் காலி செய்ய வருவது சிட்டி கவுன்சிலின் ஏற்பாடு. லாரி அதை இறக்கிவைக்கும் இடத்தோடு அதன் பொறுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எரிப்பதா, புதைப்பதா, மறுசுழற்சிக்கு அனுப்புவதா என்பது கவுண்டியின் கவலை. கென்ட்டின் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி மெய்ட்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஆலிங்டனில் எரிந்து மின்சாரமாகிறது. உடைந்த சோபாவை நீங்களே காரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போடும் குப்பைக் கிடங்கும் கவுண்டியுடையதுதான். அதே சோபாவை யாரோ ராத்திரியில் கொண்டுவந்து உங்கள் தெருவோரம் வீசிவிட்டுப் போனால் அதை அள்ள வேண்டியது சிட்டி கவுன்சில்.

தெருவைக் கூட்டுவது சிட்டி. அதே தெருவில் குழி விழுந்தால் அடைக்க வேண்டியது கவுண்டி. கார் நிறுத்துமிடங்களை நடத்திக் கட்டணம் வாங்குவது சிட்டி. பேருந்துச் சேவைக்கு மானியம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கவுண்டி. எந்த நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்று திட்டம் தீட்டுவது சிட்டி. அந்த வீடுகளுக்கு வேண்டிய சாலையும் பள்ளிக்கூடமும் கவுண்டி. புதுக் குடியிருப்பு வரும்போதெல்லாம், "வீடு வந்துவிட்டது, பள்ளி எங்கே?" என்ற சத்தம் எழுவதற்கு இந்தப் பிரிவினை ஒரு காரணம். ஒரே மேசையில் முடிய வேண்டிய விஷயம் இரண்டு மேசைகளில் கிடக்கிறது. என்னைக் கேட்டால் இந்த அமைப்பின் ஆகப் பெரிய பலவீனம் இதுதான்.

கேன்டர்பரி ஹை ஸ்ட்ரீட்டில் 'பீனி' என்றொரு அழகான கட்டடம் இருக்கிறது. உள்ளே ஓர் அருங்காட்சியகம், ஓவியக் காட்சிக்கூடம், நூலகம். புதுப்பித்து விரிவாக்கி 2012-ல் மறுபடி திறந்தார்கள். நூலகம் கவுண்டியின் பொறுப்பு, அருங்காட்சியகம் சிட்டியின் பொறுப்பு. ஒரே கதவு வழியாக உள்ளே போய், இரண்டு அரசுகளின் சேவையைப் பெற்றுக்கொண்டு வெளியே வரலாம். பார்வையாளர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நல்ல நிர்வாகம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்.

டிஸ்ட்ரிக்ட் செய்யும் வேலைகளில் வெளியே அதிகம் தெரியாதவை சில உண்டு. வீடிழந்து நிற்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டிய இடம் டிஸ்ட்ரிக்ட்தான். அவருக்கு உதவ வேண்டியது அதன் சட்டக் கடமை. உணவகங்களின் சுத்தத்தைச் சோதித்து மதிப்பெண் கொடுப்பது, டாக்ஸிக்கும் மதுக்கடைக்கும் உரிமம் தருவது, வாக்காளர் பட்டியலைப் பராமரிப்பது எல்லாம் அங்கேதான். கேன்டர்பரிக்கென்று தனியாகச் சில சொத்துகளும் உண்டு. மார்லோ தியேட்டர் அவற்றில் ஒன்று. விட்ஸ்டபிள் துறைமுகம் இன்னொன்று. 1958-ல் விட்ஸ்டபிள் நகரசபை அந்தத் துறைமுகத்தை விலைக்கு வாங்கியது. 1974 இணைப்பில் சீர்வரிசைபோல அது சிட்டி கவுன்சிலுக்கு வந்துசேர்ந்தது. ஒரு சிட்டி கவுன்சில் மீன்பிடித் துறைமுகம் நடத்துவது இங்கிலாந்திலும் அன்றாடம் பார்க்கிற காட்சி அல்ல.

கவுண்டியின் பணத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று பார்த்தால் பில்லின் மர்மமும் விடுபடும். முதியோர், உடல்நலம் குன்றியவர்கள், பெற்றோரின் பராமரிப்பு இல்லாத குழந்தைகள் ஆகியோரைக் கவனித்துக்கொள்ளும் சமூகப் பராமரிப்புதான் அது. இது கண்ணுக்குத் தெரியாத செலவு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால், பில்லின் முக்கால்வாசி எங்கேயோ மறைந்துபோவதாகத்தான் தோன்றும்.

கென்ட்டில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்குக் கவுண்டி என்றால் 'கென்ட் டெஸ்ட்'. தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும், இங்கிலாந்தின் பெரும்பகுதி கைவிட்டுவிட்ட கிராமர் பள்ளி முறையைக் கென்ட் இன்னும் பிடித்துவைத்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புத் தொடக்கத்தில், செப்டம்பரில் இந்தத் தேர்வை எழுதுகிறார்கள். தேர்வை நடத்துவதும் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையை ஒருங்கிணைப்பதும் கவுண்டி கவுன்சில். பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்று சிட்டி கவுன்சில் வாசலில் போய் நின்றால், அனுதாபம் கிடைக்கலாம், இடம் கிடைக்காது.

சிட்டி, கவுண்டி இரண்டுமே செய்யாதவையும் இருக்கின்றன. மருத்துவமனைகள் தேசிய சுகாதாரச் சேவையின் கையில். குடிநீரும் கழிவுநீரும் தனியார் நிறுவனங்களிடம். விட்ஸ்டபிள் கடலில் கழிவுநீர் கலக்கிறது என்று மக்கள் கொதித்தெழுந்தபோது, கவுன்சிலால் கண்டனத் தீர்மானம் போட முடிந்ததே தவிர, குழாயை மூட முடியவில்லை.

380 பேருக்கு ஒரு டவுன் கவுன்சில்

மூன்றாவது அடுக்கான பாரிஷ் கவுன்சில்தான் எனக்குப் பிடித்தது. பெயரைப் பார்த்துத் தேவாலயச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1894-ல் வந்த சட்டம் கிராம நிர்வாகத்தைத் தேவாலயத்திடமிருந்து பிரித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்திடம் கொடுத்துவிட்டது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. விளையாட்டுத் திடல், பேருந்து நிழற்குடை, பெஞ்சு, காய்கறி போட வாடகைக்கு விடும் துண்டு நிலம், ஊர்க்கூடம் என்று கைக்கெட்டும் வேலைகளை அது பார்க்கும். கட்டட அனுமதி விண்ணப்பங்கள் மீது கருத்துச் சொல்லும். கருத்துத்தான், முடிவல்ல.

கேன்டர்பரிக்கு வடகிழக்கே ஸ்டௌர் ஆற்றங்கரையில் ஃபோர்ட்விச் என்று ஒரு சிற்றூர். 2011 கணக்கெடுப்பில் 381 பேர். ஒரு காலத்தில் அது துறைமுகம். பேராலயம் கட்ட பிரான்சின் கான் பகுதியிலிருந்து வந்த கல்லை இங்கேதான் இறக்கினார்கள். ஆறு தூர்ந்து, கப்பல் நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'டவுன்' தகுதியும் போனது. 1972 சீரமைப்பில் பழைய சாசனத்தைக் காட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இப்போது பிரிட்டனிலேயே டவுன் கவுன்சில் உள்ள மிகச் சிறிய ஊர் என்ற பெருமை அதற்கு. மரச்சட்டம் வைத்துக் கட்டிய, ட்யூடர் காலத்துப் பொம்மை வீடுபோன்ற ஒரு டவுன் ஹாலும் இருக்கிறது. வாயாடிப் பெண்கள் என்று பழி சுமத்தப்பட்டவர்களை ஆற்றில் முக்கியெடுக்கப் பயன்பட்ட நாற்காலியை உள்ளே வைத்திருக்கிறார்கள். உள்ளாட்சியின் பொற்காலம் என்று யாராவது பேசினால் அந்த நாற்காலியைக் காட்டலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1974 இணைப்பில் முப்பது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் விட்ஸ்டபிளுக்கும் ஹெர்ன் பேக்கும் அப்படியொரு டவுன் கவுன்சில் அமையவில்லை. கேன்டர்பரி நகரத்துக்குள்ளும் இல்லை. பெரிய ஊர்கள் தங்கள் நகரசபைகளை இழந்து டிஸ்ட்ரிக்ட்டில் கரைந்துபோயின. சுற்றியிருந்த கிராமங்களோ தங்கள் பாரிஷ்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டன. தெருமுனைப் பெஞ்சு பற்றி முடிவெடுக்க ஃபோர்ட்விச்காரருக்குச் சொந்த மன்றம் இருக்கிறது, ஹெர்ன் பேகாரர் கேன்டர்பரிக்குப் போக வேண்டும்.

முடிவெடுப்பவர்கள்

சிட்டி கவுன்சிலில் 39 உறுப்பினர்கள், 21 வார்டுகள். சில வார்டுகளுக்கு ஒருவர், சிலவற்றுக்கு இருவர் அல்லது மூவர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். 2023 மே மாதத் தேர்தலில் லேபர் 18, லிபரல் டெமாக்ரட் 9, கன்சர்வேட்டிவ் 8, பசுமைக் கட்சி 4. யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்பதால் லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் கூட்டு சேர்ந்தன, லேபரின் ஆலன் பால்டாக் தலைவரானார். இந்தத் தலைவரும் அவரது அமைச்சரவையும்தான் உண்மையான அதிகாரம். அன்றாட நிர்வாகத்தை நடத்தும் தலைமை நிர்வாகி கவுன்சிலின் ஊழியர். அவரை நியமிப்பது கவுன்சில்தான், அரசு அல்ல. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, படி மட்டும் உண்டு. பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள்.

கவுண்டி கவுன்சிலில் 81 பேர். அதற்குத் தேர்தல் நாளும் தொகுதி எல்லையும் வேறு, அரசியல் நிறமும் வேறாக இருக்கலாம். 2025 மே மாதத்தில் ரிஃபார்ம் கட்சி 57 இடங்களைப் பிடித்துக் கென்ட்டைக் கைப்பற்றியது. ஆகவே கேன்டர்பரிக்காரரின் குப்பையை அள்ளுவது லேபர் தலைமையிலான கூட்டணி, அதை எரிப்பது ரிஃபார்ம். நாடாளுமன்றத் தொகுதியோ இந்த எல்லைகளில் எதையும் மதிப்பதில்லை. விட்ஸ்டபிள் கேன்டர்பரித் தொகுதியில் இருக்கிறது, ஹெர்ன் பே பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டின் சாண்ட்விச்சோடு சேர்ந்து வேறொரு தொகுதி.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. இங்கே வாக்களிக்க பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டியதில்லை. பிரிட்டனில் தங்க அனுமதி பெற்ற காமன்வெல்த் நாட்டவர், அதாவது இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும், 18 வயதானால் பதிவு செய்து வாக்களிக்கலாம். கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும். படிக்க வந்த மாணவருக்கும் இது பொருந்தும். வாக்குச்சாவடிக்குப் படமுள்ள அடையாள அட்டை எடுத்துப்போக வேண்டும், காமன்வெல்த் நாட்டுக் கடவுச்சீட்டும் செல்லும். நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தால், உள்ளூர்த் தொடர்பு விதிகளுக்கு உட்பட்டு, வேட்பாளராகவே நிற்கலாம்.

மாணவர்கள் பற்றிச் சொல்லும்போது பில்லுக்கும் ஒரு வார்த்தை. முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் கிடையாது. தனியாக வசிப்பவருக்கு 25 விழுக்காடு தள்ளுபடி. இரண்டும் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். வீட்டின் மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரை எட்டுப் படிநிலைகள். எந்த ஆண்டின் மதிப்பு என்கிறீர்களா? 1991 ஏப்ரல் 1. நேற்றுக் கட்டிய வீட்டுக்கும், அது 1991-ல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கற்பனை செய்துதான் வரி போடுகிறார்கள்.

இத்தனையையும் புரிந்துகொண்ட பிறகு சொல்ல வேண்டிய செய்தி ஒன்று பாக்கி. இந்த ஏற்பாடு கலையப்போகிறது. 2024 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரட்டை அடுக்கு எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் அதை நீக்கி, எல்லா வேலைகளையும் ஒரே மன்றம் பார்க்கும்படி செய்யச் சொல்கிறது. கென்ட் முழுவதையும் ஒரே மன்றமாக்குவது முதல் ஐந்தாகப் பிரிப்பது வரை பல யோசனைகள் அரசிடம் போயிருக்கின்றன. புதிய மன்றங்கள் 2028 ஏப்ரலில் பொறுப்பேற்க வேண்டும் என்பது திட்டம். 1889-ல் பிறந்த கென்ட் கவுண்டி கவுன்சில் இன்றைய வடிவில் இருக்காது, 1974-ல் பிறந்த கேன்டர்பரி டிஸ்ட்ரிக்ட்டும் இருக்காது. குப்பையை அள்ளுவதும் எரிப்பதும் ஒரே கையில் வரும்.

பாரிஷ்களைக் கலைக்கும் பேச்சு அந்தத் திட்டத்தில் இல்லை. ஃபோர்ட்விச் டவுன் கவுன்சில் அப்படியே இருக்கும்.